டிப்ளோமாவுக்கு 6,000 ரூபா: வெள்ளவத்தை முன்பள்ளி ஒன்றின் சம்பளக் கணக்கு

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு லேனில் அந்த முன்பள்ளி இருக்கிறது. வாடகை வீட்டின் கீழ்த்தளம். காலையில் 46 பிள்ளைகள் வருவார்கள். அவர்களில் 18 பேர் மதியச் சாப்பாடு, தூக்கம், விளையாட்டு என்று மாலை 5.30 வரை அங்கேயே இருப்பார்கள். பெற்றோர் இதை நேர்சரி என்றும் டே கெயார் என்றும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். நான் சிறிய வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். இந்த இடத்தின் கணக்கு இந்த ஆண்டு ஜனவரியில்தான் என் கைக்கு வந்தது. நிலையத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் எழுதவில்லை. கணக்கை மட்டும் எழுத அனுமதி வாங்கியிருக்கிறேன்.

நிலையத்தை நடத்துபவர் அறுபதை நெருங்கும் ஒரு டீச்சர். ஜனவரி மூன்றாம் வாரத்தில் ஓர் இரவு தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, இவ போறன் எண்டு கடிதம் தந்திட்டா. ஏழு வருசம் என்னோட நிண்ட பிள்ளை. நான் எங்க பிழை விட்டனான் எண்டு கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கோ."

விலகும் ஆசிரியையின் கடிதம் ஒரு கொப்பித் தாளில் ஐந்து வரி. எழுத்து அச்சுப் போல இருந்தது. பிள்ளைகளுக்கு 'அ' எழுதிக் காட்டிப் பழகிய கை. தனிப்பட்ட காரணங்களுக்காக விலகுவதாக எழுதியிருந்தார். உண்மைக் காரணம் அதில் இல்லை. பம்பலப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் வரவேற்பாளர் வேலை 55,000 ரூபா சம்பளத்தில் கிடைத்திருந்தது.

யார் இந்த ஆசிரியை

ஹட்டன் பக்கத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அம்மா கொழுந்து எடுக்கப் போகும்போது இவரைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டுப் போவாராம். உயர்தரம் முடித்துக் கொழும்புக்கு வந்து, தெஹிவளையில் இன்னும் இரண்டு பெண்களுடன் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு, கிழமை நாட்களில் வேலை, வார இறுதியில் படிப்பு என்று நாவலையில் உள்ள திறந்த பல்கலைக்கழகத்தில் முன்பிள்ளைப் பருவக் கல்வி டிப்ளோமாவை முடித்தார். கட்டணத்தைத் தவணை தவணையாகத் தானே கட்டினார். பட்டமளிப்பு நாளில் எடுத்த படம் நிலையத்தின் வரவேற்பு அறைச் சுவரில் தொங்குகிறது. புதிதாகப் பிள்ளை சேர்க்க வரும் பெற்றோருக்கு அந்தப் படத்தைத்தான் முதலில் காட்டுவார்கள்.

இந்தப் படிப்பு என்ன செய்யும் என்பதை நான் போன முதல் நாளே கண்டேன். காலை 7.20. கேற்றடியில் மூன்றரை வயதுப் பையன் ஒருவன் அப்பாவின் விரலை விடவே இல்லை. இவர் போய் அவனுடைய உயரத்துக்குக் குந்தினார். இழுக்கவில்லை, சொக்லேட் காட்டவில்லை. பையனின் வலது பக்கமாகத் தள்ளி இருந்துகொண்டு மெல்ல ஏதோ கேட்டார். அவன் விரலை விட்டுவிட்டு உள்ளே போனான். ஏன் வலது பக்கம் என்று பிறகு கேட்டேன். போன தவணையில் இடது பக்கத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை என்பதை இவர் கவனித்திருக்கிறார். இரண்டு கிழமை திகதி போட்டுக் குறித்து வைத்து, அதன் பிறகே பெற்றோரிடம் சொல்லியிருக்கிறார். வைத்தியர் பார்த்தபோது காதுக்குள் நீர் கட்டியிருந்தது. வீட்டில் எல்லோரும் அவனைச் சொல்வழி கேளாத பிள்ளை என்று ஏசிக்கொண்டிருந்தார்களாம்.

அந்தக் குறிப்புக் கொப்பியைப் பார்த்தேன். பிள்ளைக்கு ஒரு பக்கம். யார் கத்தரிக்கோல் பிடிக்கிறார், யார் தனியே விளையாடுகிறார், யார் மதியத்தில் தூங்காமல் அழுகிறார் என்று எல்லாம் இருந்தது. இதை எழுத வேலை நேரத்தில் இடமே இல்லை. இரவு அறைக்குப் போய்த்தான் எழுதுவார்.

சம்பளக் கணக்கு

ஜனவரியில் ஆறு ஊழியர்களுக்கும் கொடுத்த மாதச் சம்பளம் இப்படி: டிப்ளோமா ஆசிரியைக்கு 36,000, முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ் முடித்தவருக்கு 33,000, தேசிய தொழிற்தகைமை நான்காம் மட்டம் உள்ளவருக்கு 32,000, பயிற்சியில் இருக்கும் பிள்ளைக்கு 30,000, இரண்டு ஆயம்மாமாருக்கும் தலா 30,000. மொத்தம் 191,000 ரூபா.

இதில் 30,000 என்ற எண் நிலையம் தீர்மானித்தது அல்ல. தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் 2016இல் வந்தபோது மாதம் 10,000 ரூபா என்று வைத்தார்கள். 2024இல் 17,500 ஆனது. 2025இல், முன்பு சம்பளத்துக்கு மேல் தனியாகக் கொடுத்த வரவுசெலவு நிவாரணப் படியையும் உள்ளே சேர்த்து, அந்த ஏப்ரலிலிருந்து 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000 என்று திருத்தினார்கள். நல்ல காரியம். 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதத்தைத் தொட்டது. அப்போது ஏறிய சாமான் விலை பிறகு பெரிதாக இறங்கவில்லை. அடிமட்டச் சம்பளத்தை உயர்த்தாமல் விட்டிருந்தால் ஆயம்மாமார் எப்படிச் சமாளித்திருப்பார்கள்?

சிக்கல் அதற்கு மேலே இருந்தது. பழைய பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தேன். 2024 கடைசியில் ஆயம்மாவுக்கு நிவாரணப் படியும் சேர்த்து 21,000, டிப்ளோமா ஆசிரியைக்கு 31,000. வித்தியாசம் 10,000. 2025 ஏப்ரலில் ஆயம்மாவுக்கு 27,000, ஆசிரியைக்கு 34,000. வித்தியாசம் 7,000. இந்த ஜனவரியில் 30,000, 36,000. வித்தியாசம் 6,000. ஆயம்மாவின் சம்பளத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வாங்கியவர் ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடிய காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே கூட வாங்குபவராகிவிட்டார். யாரும் அவர் சம்பளத்தைக் குறைக்கவில்லை. கீழே சட்டம் உயர்த்தியது, மேலே உயர்த்தச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. அந்த 6,000இலும் எவ்வளவு டிப்ளோமாவுக்கு, எவ்வளவு ஏழு வருடச் சேவைக்கு என்று பதிவேட்டில் எங்கேயும் இல்லை. ஒன்பது வருடம் வேலை செய்யும் ஆயம்மாவும் மூன்று வருடம் வேலை செய்யும் ஆயம்மாவும் நேற்று வந்த பயிற்சிப் பிள்ளையும் ஒரே சம்பளம் வாங்கினார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஆசிரியையிடம் இதைப் பேசியபோது அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன்.

"ஆயம்மாவுக்குக் கூடினது எனக்குச் சந்தோசம்தான் அண்ணே. அவங்க வேலை லேசுனு நினைக்காதீங்க. ஆனா நான் படிச்ச படிப்புக்கு என்ன வெல போட்டிருக்கீங்கனுதான் கேக்குறேன்."

அடுத்து நேரம். கிழமையில் மூன்று நாள் காலை 7.15 முதல் மாலை 5.45 வரை, இரண்டு நாள் 2 மணி வரை. கூட்டினால் சரியாக 45 மணித்தியாலம். கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரத்துக்கு விதிக்கும் அளவும் அதுதான். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் வாரக் கணக்கு ஒப்பேறுகிறது, நாள் கணக்கு ஒப்பேறவில்லை. அந்தச் சட்டத்தில் நாளுக்கு 8 மணித்தியாலம். மூன்று நாளும் பத்தரை மணித்தியாலம் நிற்கும் ஒருவருக்கு மேலதிக நேரம் என்று ஒரு சதமும் இல்லை. சாப்பாட்டு நேரம் இருக்கிறதே என்று சொல்லலாம். நான் பார்த்த சாப்பாட்டு நேரத்தில் ஒரு கை பிள்ளைக்குச் சோறு ஊட்டியது, மறு கை தன் பார்சலைப் பிரித்தது. 36,000ஐ 195 மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு 185 ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. காலி வீதிக் கடையில் வடையும் பிளேன்டீயும் குடித்தாலே முடிந்துவிடும்.

பிறகுதான் சம்பளச் சிட்டையை எடுத்தேன். அங்கே எனக்கு வயிற்றைக் கலக்கியது. அடிப்படைச் சம்பளம் 20,000, பயணப்படி 16,000. தெஹிவளையிலிருந்து வெள்ளவத்தைக்கு 100ஆம் இலக்க பஸ்ஸில் வருபவருக்கு மாதம் 16,000 பயணப்படி! பயணப்படி என்று பெயர் போட்டால், ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதி கட்டத் தேவையில்லை என்று யாரோ பல வருடத்துக்கு முன் டீச்சருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கையில் முழுக்காசும் போகிறதுதானே, அதனால் யாருக்கும் நட்டமில்லை என்று அவரும் நம்பியிருந்தார்.

நட்டம் இருந்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் 12 வீதம், ஊழியர் 8 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு, 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொழில்தருநர் இன்னும் 3 வீதம். 36,000க்குத் தொழில்தருநர் பங்கு 5,400 வரவேண்டும். 20,000க்குக் கணக்குப் பார்த்து 3,000தான் போனது. மாதம் 2,400, வருடத்துக்கு 28,800 ரூபா அவருடைய முதுமைக் காசிலிருந்து விழுந்துகொண்டிருந்தது. ஆறு பேருக்கும் இதே கதை. மாதாமாதம் ஒரே தொகையாகப் போகும் காசுக்குப் பயணப்படி என்று பெயர் வைத்தாலும் அது சம்பளம்தான். டீச்சரிடம் இதைச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

காசு எங்கே போகிறது

முதலாளி கொள்ளை இலாபம் அடிக்கிறார் என்று எழுதிவிட்டால் கதை சுலபமாகிவிடும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

காலை வகுப்புக்கு மாதம் 9,500, முழுநாள் பிள்ளைக்கு மேலதிகமாக 16,000. வரவு 725,000 ரூபா. வாடகை மட்டும் 190,000. அதாவது ஆறு பேரின் சம்பளமும் ஒரு வீட்டுக்காரரின் வாடகையும் கிட்டத்தட்டச் சமம். வெள்ளவத்தை இருக்கும் கொழும்பு 6இல் பிள்ளை பராமரிப்பு நடத்துவது என்றால் முதலில் நிலத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். சாப்பாடு 132,300, மின்சாரமும் தண்ணீரும் 38,000, சாமான்கள் 35,000, சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் 18,000. மிச்சம் 120,700.

ஆனால் ஏப்ரல் புதுவருட விடுமுறை, ஓகஸ்ட், டிசம்பர் மூன்று மாதமும் காலை வகுப்புக்குப் பாதிக் கட்டணம்தான் பெற்றோர் தருகிறார்கள். அது ஆரம்பத்திலிருந்தே வந்த பழக்கம். சம்பளமும் வாடகையும் பாதியாவதில்லை. வருடத்துக்கு 655,500 ரூபா அதில் போகிறது. சராசரி எடுத்தால் டீச்சர் கையில் மாதம் 66,000 சொச்சம். காலை 6.45க்குக் கேற்றைத் திறப்பவரும் மாலை கடைசிப் பிள்ளை போன பிறகு பூட்டுபவரும் அவர்தான்.

அரசாங்கம் எங்கே என்று கேட்கலாம். முன்பள்ளி மாகாண சபைகளின் கீழ் வரும் விடயம். அரச பாடசாலை ஆசிரியர்கள் இலங்கை ஆசிரியர் சேவையில் இருக்கிறார்கள். 2021இல் அவர்கள் சம்பள முரண்பாட்டுக்காக இணையவழிக் கற்பித்தலை மாதக்கணக்கில் நிறுத்திப் போராடினார்கள், ஓரளவு பெற்றார்கள். ஐந்து வயதுக்கு மேல் படிப்பிப்பவருக்கு ஒரு சேவை, ஒரு தரம், ஒரு சம்பள அளவுத்திட்டம். ஐந்து வயதுக்குக் கீழே படிப்பிப்பவருக்கு அவை எதுவும் இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லாம் மூடப்பட்டபோது அரச பாடசாலை ஆசிரியருக்குச் சம்பளம் வந்தது. கட்டணத்தை நம்பிய முன்பள்ளி ஆசிரியைமார் பலர் வெறுங்கையோடு ஊருக்குப் போனார்கள். இந்த ஆசிரியையும் அப்போது ஹட்டனுக்குப் போய், அம்மாவின் செக்ரோலில், அதாவது தோட்டச் சம்பளப் பதிவேட்டில், விழும் காசில்தான் சாப்பிட்டாராம். மரியா மொண்டிசூரி 1944இல் இங்கே வந்து ஆசிரியைமாரைப் பயிற்றுவித்த நாடு இது. பயிற்சிக்கு இந்த ஊரில் எப்போதும் மரியாதை உண்டு. அந்த மரியாதை சம்பளச் சிட்டை வரை வருவதில்லை.

செய்தது

பெப்ரவரியில் மூன்று மாலை டீச்சரும் நானும் ஊழியர்களும் சிறுவர் கதிரைகளில் குந்தியிருந்து புதிய அளவுத்திட்டம் ஒன்று போட்டோம். அடிமட்டம் எல்லோருக்கும் 30,000. சேவைக்கு வருடத்துக்கு 1,000, ஆயம்மாமாருக்கும் அதே 1,000. சான்றிதழ் அல்லது தொழிற்தகைமை நான்காம் மட்டத்துக்கு 5,000. டிப்ளோமாவுக்கு 10,000.

தகுதிக்கான தொகையை "தகுதிப்படி" என்று எழுதலாம் என்று நான் சொன்னேன். ஆசிரியைதான் மறித்தார். படி என்று எழுதினால் கஷ்டம் வரும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான், சேமலாப நிதியும் திரும்ப நழுவும் என்றார். சரிதான். எல்லாவற்றையும் அடிப்படைச் சம்பளத்துக்குள் கொண்டுவந்து, அது எப்படி வந்தது என்று சிட்டையில் மூன்று வரியாகக் காட்டினோம்: அடிமட்டம், சேவை, தகுதி.

டிப்ளோமா ஆசிரியைக்கு 47,000 வந்தது. சான்றிதழ் ஆசிரியைக்கு 39,000, தொழிற்தகைமை ஆசிரியைக்கு 37,000, பயிற்சிப் பிள்ளைக்கு 30,000, ஆயம்மாமாருக்கு 39,000, 33,000. மூத்த ஆயம்மாவும் நான்கு வருடச் சான்றிதழ் ஆசிரியையும் சமமாக வந்ததைப் பார்த்து டீச்சர் தயங்கினார். ஒன்பது வருடம் பிள்ளைகளைக் கழுவித் துடைத்துத் தூங்க வைத்தவரின் அனுபவமும் அனுபவம்தான் என்று அந்தச் சான்றிதழ் ஆசிரியையே சொன்னதும் விட்டுவிட்டோம்.

மொத்தச் சம்பளம் 225,000, நிதிகளுக்கு 33,750. முன்பு 209,000 ஆக இருந்தது 258,750 ஆகிறது. மாதம் 49,750 கூட வேண்டும். காலை வகுப்புக்கு 800, முழுநாளுக்கு இன்னுமொரு 800 கூட்டினால் 51,200 வரும். முழுநாள் பிள்ளையின் பெற்றோருக்கு 25,500 என்பது 27,100 ஆகும்.

பெற்றோர் கூட்டம் ஒரு சனிக்கிழமை. நான் பெயர்களை மறைத்து எல்லாக் கணக்கையும் ஒரு தாளில் அடித்து எல்லோருக்கும் கொடுத்தேன். டீச்சருக்கு அது பிடிக்கவில்லை, வீட்டுக் கணக்கைத் தெருவில் போடுவது போல இருந்தது அவருக்கு. ஆனால் கூட்டத்தை மாற்றியது அந்தத் தாள்தான். முதலில் எழும்பிய ஒரு தகப்பன், எல்லாமே ஏறுகிறது, நாங்கள் எங்கே போவது என்று கோபமாகக் கேட்டார். நியாயமான கோபம். அவர் பக்கத்தில் இருந்த தாய் தாளைப் பார்த்துவிட்டு, எங்கள் பிள்ளையைப் பத்தரை மணித்தியாலம் வைத்திருப்பவருக்கா மணிக்கு 185 ரூபா என்று கேட்டார். காது கேளாமல் இருந்த பையனின் அப்பா ஒன்றும் பேசவில்லை. கூட்டம் முடிந்ததும் பின்னால் வந்து அடுத்த மாதக் கூடுதல் 1,600ஐ அன்றே கட்டிவிட்டுப் போனார்.

கட்டண உயர்வுக்கு ஒத்துக்கொண்டார்கள். விடுமுறை மாதப் பாதிக் கட்டணத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டார்கள். அதனால் வருடத்துக்கு 37,800 ரூபா துண்டு விழும். அதைத் தான் பார்த்துக்கொள்வதாக டீச்சர் சொன்னார். இது சரியான தீர்வு அல்ல என்பது என் எண்ணம். பன்னிரண்டு மாதச் சம்பளத்துக்குப் பன்னிரண்டு மாதக் கட்டணம் வேண்டும், அடுத்த வருடச் சேர்க்கைப் படிவத்திலாவது அதை எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

மேலதிக நேரத்தையும் இந்த முறை தீர்க்கவில்லை. முழுநாள் வேலையை இரண்டு முறையாகப் பிரிக்க இன்னும் ஓர் ஆள் வேண்டும், அதற்குக் காசு இல்லை. குறிப்பு எழுத மட்டும் வெள்ளிக்கிழமைகளில் பகல் 1 முதல் 2 வரை ஒதுக்கியிருக்கிறோம்.

பாக்கி

மார்ச் சிட்டையில் 47,000 என்று அடித்துக் கொடுத்தோம். ஆசிரியை அதை இரண்டு தரம் வாசித்தார். மூன்றாவது வரியில் "தகுதி 10,000" என்று இருந்த இடத்தில் விரலை வைத்தார். ஆனாலும் அவர் நிற்கவில்லை. அலுவலகத்துக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, 8,000 இன்னும் கூட, ஐந்து மணிக்கு விட்டுவிடுவார்கள், அம்மாவுக்குச் சுகமில்லை. மார்ச் கடைசியில் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. இந்தச் சிட்டை ஒரு வருடத்துக்கு முன் வந்திருக்க வேண்டும்.

அவர் இடத்துக்கு டிப்ளோமா முடித்த ஒருவரைக் கேட்டு விளம்பரம் போட்டோம். ஆரம்பச் சம்பளம் 40,000 என்று வெளிப்படையாக எழுதினோம். நான்கு பேர் வந்தார்கள். முன்பு "சம்பளம் பேசித் தீர்மானிக்கப்படும்" என்று போட்டபோது வந்தது ஒருவர், அவரும் தொகையைக் கேட்டுவிட்டுத் திரும்பியவர். சான்றிதழ் ஆசிரியை இப்போது டிப்ளோமாவுக்கு விண்ணப்பப் படிவம் எடுத்து வைத்திருக்கிறார். முடித்தால் எவ்வளவு கூடும் என்பது அவருக்குத் தெரியும்.

ஏப்ரல் கணக்கை மூடும்போது ஒன்று கண்ணில் பட்டது. 47,000 வாங்கியவர் போய் 40,000க்கு ஒருவர் வந்ததால், நிதிப் பங்கும் சேர்த்து மாதம் 8,050 ரூபா மிச்சம். ஏழு வருடம் பழகிய ஒருவர் கேற்றைத் தாண்டிப் போனது கணக்குப் புத்தகத்தில் சேமிப்பாக நிற்கிறது. எந்தக் கணக்காளனும் கேள்வி கேட்காமல் கடந்து போகும் வரி அது. இத்தனை வருடம் இந்தத் தொழிலில் சம்பளம் இப்படியே கிடந்ததற்கு இந்த வரியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பழைய சேமலாப நிதிப் பாக்கி இன்னும் இருக்கிறது. பிந்திக் கட்டினால் பிந்திய காலத்தைப் பொறுத்து 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம். அன்று வெட்டாமல் விட்ட ஊழியர் பங்கையும் இப்போது தொழில்தருநரேதான் கட்ட வேண்டும். நாரஹேன்பிட்ட தொழில் திணைக்களத்துக்கு டீச்சரைக் கூட்டிக்கொண்டு போய், நாங்களே பிழையைச் சொல்லித் தவணை கேட்டோம். திரும்பி ஓட்டோவில் வரும்போது டீச்சர் அந்த 8,050ஐப் பற்றிக் கேட்டார். சொன்னேன்.

"அதை மாதாமாதம் அவவின்ர பாக்கிக்குப் போடுங்கோ தம்பி. அவவின்ரதை முதல் முடிப்பம்."

மே மாதத் தவணையை அப்படித்தான் கட்டினோம்.